ஐந்தாம் குழி

கோல்ஃப் பற்றி எழுதுவதற்காக நான் மலையேறிய நாளில், கோல்ஃப் பந்து என்ன நிறம் என்பதுகூட எனக்குத் தெரியாது. கோயமுத்தூரில் ஒரு தமிழ்ப் பத்திரிகையின் விளையாட்டுப் பக்கத்துக்கு எழுதிக்கொண்டிருந்தேன். கால்பந்து, ஹாக்கி, பொங்கல் சமயத்தில் சடுகுடு, வேறு ஒன்றும் கிடைக்காவிட்டால் ரேக்ளா. ஒருநாள் ஆசிரியர் கூப்பிட்டு, சூரியநெல்லிப் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டில் கோல்ஃப் மைதானம் திறக்கிறார்கள், விருந்தாளிகள் வந்து தங்கப் பங்களாக்களும் கட்டியிருக்கிறார்கள், போய் எழுதிக்கொண்டு வா என்றார். "எனக்கு அந்த ஆட்டம் தெரியாதே சார்" என்றேன். "படிக்கிறவனுக்கு மட்டும் தெரியுமாக்கும்?" என்றார். அத்தோடு பேச்சு முடிந்தது.

நான் பேசாமல் கிளம்பியதற்கு வேறொரு காரணமும் உண்டு. என் அக்காவின் கணவர் அந்த எஸ்டேட்டில்தான் கடை வைத்திருந்தார். எங்கள் ஊரான பாலக்காட்டில், வலியங்காடிக் கடைத்தெருவில் இரண்டு தலைமுறையாகப் பலசரக்கு விற்ற குடும்பம். அண்ணன் தம்பிகளுக்குள் மனஸ்தாபம் வந்ததும், தன் பங்கைத் தூக்கிக்கொண்டு மச்சான் மலைக்குப் போய்விட்டார். "அங்க யானையும் தமிழ்தான் பேசுது" என்று ஒருமுறை ஊருக்கு வந்தபோது சொன்னார். நாங்கள் எல்லோரும் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை என்பதை அப்போது நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

போடியிலிருந்து எஸ்டேட் லாரியில் ஏறினேன். டிரைவருக்குப் பக்கத்தில் இடம் கிடைத்தது. அது மரியாதையா தண்டனையா என்று ஒவ்வொரு வளைவிலும் யோசித்தேன். மார்கழி மாதம். மேட்டில் செக்போஸ்ட்டைத் தாண்டியதும் குளிர் சட்டைக்குள் கை விட்டது. சாலையில் ஒரு இடத்தில் பலாக்காய் அளவில் சாணம் கிடந்தது. ஆவி வந்துகொண்டிருந்தது. டிரைவர் அதுவரை விடாமல் பேசிக்கொண்டு வந்தவர், அங்கிருந்து வாயைத் திறக்கவில்லை. ஹாரனும் அடிக்கவில்லை. வளைவுகளில் ஹாரன் அடிக்காமல் வண்டி ஓட்டுகிறவனை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

எஸ்டேட்டுக்குள் நுழைந்து, தொழிலாளர் குடியிருக்கும் லயத்தை நெருங்கியபோது எதிரே ஒரு ஊர்வலம் வந்தது. நாற்பது ஐம்பது பேர். ஒரு சத்தமில்லை. செருப்பில்லாத கால்கள் சரளைக்கல்லில் உரசுகிற ஒலி மட்டும் கேட்டது. யாரோ செத்துப்போயிருக்கிறார்கள் என்று நினைத்துத் தொப்பியைக் கழற்றப் போனேன். அருகில் வந்ததும்தான் நடுவில் மாலையும் கழுத்துமாக இருவர் நடப்பது தெரிந்தது. கல்யாணம். பெண்ணின் முகத்தில் மஞ்சளும் வெட்கமும் எல்லாம் சரியாகத்தான் இருந்தன. மேளம் மட்டும் இல்லை.

கடையில் மச்சானிடம் முதலில் கேட்டதே அதைப் பற்றித்தான். அவர் டீயை ஆற்றிக்கொண்டே வெளியே ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சொன்னார்.

"இங்க கல்யாணத்துக்கும் மேளம் கெடையாது, சாவுக்கும் மேளம் கெடையாது மாப்ள. தப்பட்டைச் சத்தம் ஆனைக்கு மட்டும்தான்."

விஷயம் எளிமையானது. சோலைக்காட்டின் ஓரத்தில் அங்கங்கே பெரிய மரங்களின் மேல் பரண் போல ஏறுமாடம் கட்டியிருந்தார்கள். அவற்றில் ஒன்றில் ஒரு காவலாளி, கையில் ஒரு தப்பட்டை. பகல் முழுக்க உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பான். யானை எந்தப் பக்கம் இறங்குகிறதோ அந்தப் பக்கத்து மாடத்துக்குப் போய் அடிப்பான். சத்தம் எந்தத் திசையில் கேட்கிறதோ அங்கே யானை நிற்கிறது. அதற்கு எதிர்த்திசையில் நடந்துவிட வேண்டும். கேள்வி கேட்கக் கூடாது, கூவக் கூடாது, கூடையைக்கூடத் திரும்பி எடுக்கக் கூடாது. பனி இறங்கிவிட்டால் எதிரே இருக்கும் செடி தெரியாத அந்த மலையில், கண்ணை நம்பிப் பிழைக்க முடியாது. காதை நம்பித்தான் பிழைத்தார்கள்.

"ஏன், கல்யாணத்துல அடிச்சா என்ன? கல்யாணம்னு தெரியாதா?" என்றேன்.

"தெரியும். ஆனா காலுக்குத் தெரியோணுமில்ல?" என்றார் மச்சான். "ரெண்டு வருசம் முன்னால ஒரு சடங்கு ஊட்டுல மேளம் வெச்சாங்க. பாதிச் சனம் பந்தியில இருந்து எந்திரிச்சு ஓடிருச்சு. அதோட அவங்களே முடிவு பண்ணிக்கிட்டாங்க, வேண்டாம்னு."

நான் சிரித்தேன். அந்த ஊரில் நான் சிரித்தது அதுதான் கடைசி.

அன்று வெயில் சாய்வதற்கு முன்னால் ஒரு பெண் கடைக்கு வந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும். கொழுந்து கிள்ளிக் கிள்ளி விரல் நுனிகள் கறுத்திருந்தன. தீப்பெட்டி வாங்கினாள்; வாங்கிய பிறகும் போகாமல் நின்றாள். மச்சான் என்னிடம், இவள்தான் அந்தத் தப்பட்டைக் காவலாளியின் மனைவி என்றார். உடனே அவள் என்னைப் பார்த்துக் கும்பிட்டாள்.

"அய்யா, நீங்க பேப்பர்ல எழுதுறவுகளாமே. தொரைகிட்ட இங்கிலீசுல பேசுவீகளாமே."

"என்னம்மா விஷயம்?"

"நாளைக்குத் தெறப்பு விழாவாம், எங்க வீட்டுக்காரகளை மாடத்துல இருந்து எறக்கிட்டாக. அஞ்சாங்குழிக்கிட்ட கொடியப் புடிச்சுக்கிட்டு நிக்கணுமாம். தப்பட்டைய எடுத்துக்கிட்டுப் போகக் கூடாதுன்னுட்டாக. போடியில இருந்து மேளக்காரக வாராகளாம். இவுகளும் அடிச்சா ரெண்டும் கலந்துபோயிருமாம்."

"கொடியை ஆட்டினால் எல்லோருக்கும் தெரியுமே?"

"பனி எறங்கிட்டா?" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "அந்த அஞ்சாங்குழி தோண்டின எடம் அதுக தண்ணி குடிக்க எறங்குற தடம் அய்யா. முந்தாநாளு ஒண்ணு குட்டியோட வந்து, புல்லை மோந்து பாத்துட்டுப் போச்சாம். இவுக பாத்திருக்காக. அடிக்க வேண்டாம், பக்கத்துல தப்பட்ட இருந்தாப் போதும். அதை மட்டும் சொல்லுங்க."

யானை என்ற சொல்லை அவள் ஒருமுறைகூட வாயில் எடுக்கவில்லை என்பது அவள் போன பிறகுதான் எனக்கு உறைத்தது. பிள்ளை குட்டி உண்டா என்று மச்சானிடம் கேட்டேன். இல்லை என்றார். அவர்களுக்கு அவர்கள்தான்.

மறுநாள் காலை சீக்கிரமே துரையைப் பார்க்கப் போனேன். மெலிந்த, உயரமான வெள்ளைக்காரர். என்னை உட்காரச் சொல்லிக் காப்பி கொடுத்தார். கெட்ட மனிதர் என்று அவரைச் சொல்ல எனக்கு மனம் வராது. மைதானத்தை அவரே கூட்டிப்போய்க் காட்டினார். மொத்தம் ஒன்பது குழிகள். கீழே ஓடு வேய்ந்த கிளப் கட்டடம். அங்கிருந்து தேயிலைக் காட்டை ஒட்டியே புல்வெளி மேலேறிப் போய், சோலையின் விளிம்பில் ஐந்தாம் குழியைத் தொட்டுவிட்டு மறுபடி இறங்குகிறது. ஐந்தாம் குழிதான் அவருக்குச் செல்லப்பிள்ளை. அங்கே நின்றால் கிழக்கே போடிச் சமவெளி முழுவதும் பாய் விரித்தது போலத் தெரியும். அந்த இடத்துக்காகத்தான் சென்னையிலிருந்தும் கொச்சியிலிருந்தும் ஆட்கள் வருவார்கள் என்றார். புல் அவ்வளவு மெத்தென்று இருந்தது. ஓரத்தில், சோலைக்குள் நுழைகிற இடத்தில், தேய்ந்து வழவழத்த ஒரு பாதை இருந்தது. யாரும் வெட்டிய பாதை இல்லை அது.

அந்தப் பாதையைப் பார்த்ததும் நான் விஷயத்தை எடுத்தேன். காவலாளிக்குத் தப்பட்டையைக் கொடுத்துவிடலாமே என்றேன். துரை பொறுமையாகக் கேட்டார். தானும் அதை யோசித்துத்தான் செய்திருப்பதாகச் சொன்னார். விழாவில் மேளம் அடிக்கும் என்று நேற்று மாலையே, வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக்களத்தில் எல்லோரையும் நிறுத்தி இரண்டு முறை அறிவித்தாயிற்று. எந்தச் சத்தம் எதற்கு என்ற குழப்பம் வரக் கூடாது என்பதால்தான் அன்றைக்கு மட்டும் தப்பட்டைக்குப் பதில் கொடி. யானையை முதலில் பார்க்கக்கூடியவன் அவன்தான் என்பதால்தான் அவனைச் சோலையோரத்தில் நிறுத்துவது. சொல்லிவிட்டு வானத்தைக் காட்டினார். ஒரு மேகம் இல்லை. அவர் சொன்னது எல்லாமே சரியாக இருந்தது. அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

காவலாளியை அப்போதுதான் பார்த்தேன். குழியின் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். சிவப்புத் தலைப்பாகை, புதுக் காக்கி உடுப்பு. அளவு சரியில்லாமல் தோளில் தொங்கியது. இரும்புக் கம்பியில் கட்டிய மஞ்சள் கொடி கையில் இருந்தது. எனக்குச் சலாம் வைத்தார். ஆனால் கண் என் மேல் இல்லை, சோலையின் மேல் இருந்தது. "தப்பட்டைக்குக் கேட்டுப் பார்த்தேன், கிடைக்கவில்லை" என்று தமிழில் சொன்னேன்.

"தெரியும்யா. அவ சொன்னா, ஒங்ககிட்ட கேட்டேன்னு. பரவாயில்ல." கொஞ்சம் தயங்கிவிட்டு, "அவ இன்னைக்கு இந்தக் காட்டுலதான் கொழுந்தெடுக்கா" என்று கீழே கையைக் காட்டினார். "மேல் வரிசைப் பக்கம் வராம இருக்கச் சொல்லுங்க" என்றார்.

பத்திரிகைக்காரர் வேடிக்கை பார்க்க வசதியான இடம் என்று துரை என்னைப் புல்வெளி வளைகிற இடத்தில் நிற்கச் சொல்லியிருந்தார். கிளப்புக்கும் ஐந்தாம் குழிக்கும் நடுவே இருந்தது அந்த இடம். பக்கத்திலேயே தேயிலைக் காடு. கொழுந்து முற்றிவிடும் என்று அன்றைக்கும் அரைநாள் வேலை வைத்திருந்தார்கள். பெண்கள் வரிசையாக நின்று கிள்ளிக்கொண்டிருந்தார்கள். அவள் இருந்தாள். கணவர் சொன்னதைச் சொன்னேன். தலையை ஆட்டிவிட்டு இரண்டு வரிசை கீழே இறங்கிக்கொண்டாள். எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்தது.

பனி கிழக்கிலிருந்து வந்தது. துரை பெருமையோடு காட்டினாரே, அந்தப் போடிப் பள்ளத்திலிருந்துதான். பால் பொங்கி வழிகிற மாதிரி விளிம்பைத் தாண்டியது. முதலில் மஞ்சள் கொடி போனது. பிறகு சோலை போனது. பிறகு கிளப்பின் ஓடுகள் போயின. பேச்சுச் சத்தம் அடங்கியது. கொழுந்து கிள்ளுகிற நறுக் நறுக் என்ற ஒலி மட்டும் என்னைச் சுற்றிக் கேட்டது. கிள்ளுகிற கைகள் தெரியவில்லை. கொடி இனி யாருக்கும் தெரியாது. கீழே போய் மேளம் வேண்டாமென்று சொல்லலாமா என்று ஒரு அடி எடுத்து வைத்தேன்.

அப்போதுதான் கீழே கிளப்பில் தப்பட்டைகள் முழங்கின.

நல்ல வாசிப்பு. கல்யாண வீட்டில் கேட்டிருந்தால் நின்று ரசித்திருப்பேன். ஆனால் என் பக்கத்தில் கிள்ளுகிற ஒலி சட்டென்று நின்றது. பிறகு பனிக்குள்ளிருந்து உருவங்கள் வெளிப்பட்டு என்னைக் கடந்தன. ஒருவரும் ஓடவில்லை. ஒருவரும் பேசவில்லை. கூடைகள் செடிகளின் மேல் அப்படி அப்படியே கிடந்தன. கீழே சத்தம் கேட்டால் மேலே போக வேண்டும். அவர்கள் மேலே போய்க்கொண்டிருந்தார்கள். நேற்று மாலை பெரட்டுக்களத்தில் நின்று, நாளைக்கு அடிப்பது வெறும் மேளம் என்று இரண்டு முறை கேட்டுத் தலையாட்டியவர்கள் எல்லோரும், சோலையைப் பார்த்து ஏறிக்கொண்டிருந்தார்கள்.

அவளும் ஏறினாள். நான் எட்டி அவள் முந்தானையைப் பிடித்தேன். முன்பின் தெரியாத பெண்ணின் சேலையைப் பிடித்து இழுப்பதற்கு வேறெப்போதும் எனக்குத் தைரியம் வந்திருக்காது. "மேளம்மா! அது மேளம்!" என்றேன். தூக்கத்திலிருந்து எழுப்பப்பட்டவள் போல என்னைப் பார்த்தாள். பிறகு மேலே திரும்பி, "ஏட்டி, நில்லுங்க" என்று கூப்பிட்டாள். ஆனால் கூவக் கூடாது என்பதும் அவள் உடம்பில் ஊறிப்போயிருந்தது. அந்தக் கூப்பாடு பக்கத்துச் செடியைக்கூடத் தாண்டவில்லை. கீழேயிருந்த மேளம் அதை விழுங்கிவிட்டது. நான் கத்தினேன். என் பாலக்காட்டுக் குரலை யார் கேட்பார்கள்? கேட்டவர்களும், எவனோ விருந்தாளி யானையைப் பார்த்துக் கத்துகிறான் என்றுதான் எடுத்துக்கொண்டிருப்பார்கள். இன்னும் வேகமாக ஏறினார்கள்.

அந்த நேரத்தில் மேலே ஒரு சத்தம் கேட்டது.

தகரத்தை இரும்பால் அடிக்கிற சத்தம். நாலு அடி, ஒரு நிறுத்தம். மறுபடி நாலு அடி, ஒரு நிறுத்தம். கீழே விடாமல் முழங்கிய மேளத்தின் மேல் அது தனியாக, கூர்மையாக விழுந்தது. குழிக்குள் பதித்திருந்த தகரக் குவளையைக் காவலாளி பிடுங்கி எடுத்திருக்கிறார். கொடிக் கம்பியால் அதை அடித்துக்கொண்டிருந்தார். இது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது.

கிட்டத்தில் கேட்ட சத்தத்தைத்தான் கால்கள் நம்பின போலும், ஏறிக்கொண்டிருந்த உருவங்கள் நின்றன. திரும்பின. அதே அமைதியோடு, அதே வேகத்தில் இறங்கத் தொடங்கின. ஒருத்தி என் தோளில் இடித்துக்கொண்டு போனாள். இன்னொருத்தி என் கையைப் பற்றி, "எறங்குங்கய்யா" என்றாள். பிழைத்தோம் என்று நினைத்தேன். அந்த நிமிடம் எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது.

அவள் மட்டும் இறங்கவில்லை. கழுத்தைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அவுக கை" என்றாள்.

எனக்குப் புரியவில்லை.

"அவுக அடிக்காக. மாடத்துல இல்ல. தரையில நின்னுக்கிட்டு அடிக்காக."

இத்தனை வருடமும் அவர் அடித்தது மரத்தின் மேலிருந்து. யானை சத்தத்தை நோக்கித்தான் வரும். வந்து மரத்தைச் சுற்றிவிட்டுப் போகும். அதற்காகத்தான் ஏறுமாடம். இப்போது அவர் நின்றுகொண்டிருந்தது, ஒளிய ஒரு புதர்கூட இல்லாமல், மெத்தென்று புல் வளர்த்து வைத்திருந்த வெட்டவெளியில். நிறுத்திவிட்டு ஓடலாம். நிறுத்தினால் கீழே ஒலிக்கிற மேளம் மறுபடி பெண்களை மேலே அனுப்பும். அவர் நிறுத்தவில்லை.

அவள் மேலே நடந்தாள். எல்லோரும் இறங்குகிற வழியில் அவள் ஒருத்தி ஏறினாள். நான் பின்னால் போனேன். பெண்களோடு வந்த கங்காணி என் இடுப்பைக் கட்டிப் பிடித்து இழுத்தார். கிழவர்தான், ஆனால் அந்தப் பிடியிலிருந்து என்னால் விடுபட முடியவில்லை. "நீங்க போயி என்ன செய்யப் போறீக? எறங்குங்க" என்றார். அவள் முதுகு வெள்ளைக்குள் மறைந்தது.

நாலு அடி, ஒரு நிறுத்தம். நாலு அடி, ஒரு நிறுத்தம். பிறகு மூன்று.

வாய்க்கால் பாலத்தருகே பெண்கள் எல்லோரும், கொழுந்து மூட்டை சுமக்கிற நாலைந்து ஆண்களும் கும்பலாக நின்றிருந்தார்கள். யாரும் அழவில்லை. மேலே மரக்கிளை ஒடிகிற சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது. பிறகு அதுவும் தூரமாகிப் போனது. கீழே மேளம் ஓய்ந்தது. யாரோ இங்கிலீஷில் இரண்டு வார்த்தை பேசினார்கள், கைதட்டல் எழுந்தது. பனிக்காக விழாவை ஒத்திப்போட மனம் வரவில்லை போலிருக்கிறது. சற்று நேரத்தில் விர்ரென்று எதுவோ வந்து எங்களுக்கு முன்னாலிருந்த தேயிலைச் செடியில் விழுந்தது. இலைகளுக்குள்ளிருந்து உருண்டு என் காலடிக்கு வந்தது. வெள்ளைப் பந்து. எலுமிச்சம்பழத்தைவிடக் கொஞ்சம் பெரியது. நான் எழுத வந்த விஷயம் அதுதான். அதைத் தொட எனக்கு அருவருப்பாக இருந்தது.

கங்காணி ஓர் ஆளைத் துரையிடம் அனுப்பினார். மேலே போக ஒருவருக்கும் துணிவில்லை, எனக்கும் இல்லை. பனி விலகட்டும், விலகட்டும் என்று சொல்லிக்கொண்டே நின்றோம்.

பனி விலகவில்லை. அவள்தான் வந்தாள். நடந்து வந்தாள், தடுமாறவில்லை. சேலையில் முழங்கால் வரைக்கும் சேறு. கையில் அந்தத் தகரக் குவளை இருந்தது. அடித்து அடித்து ஒரு பக்கம் சப்பையாகியிருந்தது. பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். அவள் அழுதுகொண்டு வந்திருந்தால் எங்களுக்குச் சுலபமாக இருந்திருக்கும். எங்கள் முன்னால் வந்து நின்று, ஒவ்வொரு ஆணாகப் பார்த்தாள். என்னையும் பார்த்தாள். அக்கம்பக்கத்தில் உதவி கேட்கிற சாதாரணக் குரலில் பேசினாள்.

"நாலு பேரு வாங்க. நானும் எவ்வளவோ பாத்துட்டேன், என்னால தனியாத் தூக்க முடியல."